மன உறுதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு வாரம் ஒரு மாலை உட்கார்ந்து பேசுவது சில ஆண்டுகளாக என் வழக்கம். பாடத்தில் சந்தேகம் கேட்பவர்களைவிட, "புத்தகத்தைத் திறந்தா மனசு நிக்க மாட்டேங்குது" என்று சொல்பவர்கள்தான் அதிகம். கூட வரும் அம்மா அப்பாவும் தங்கள் பங்குக்குக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் அந்தக் கேள்விகளையும், உளவியல் ஆய்வுகளைப் படித்து நான் புரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

எனக்கு மன உறுதியே இல்லை. காலையில் நாலு மணிக்கு எழுந்து படிப்பேன் என்கிறேன், ஒருநாளும் நடப்பதில்லை. மன உறுதியை எப்படி வளர்த்துக்கொள்வது?

உங்களிடம் இல்லாத ஏதோ ஒன்று மற்றவர்களிடம் இருக்கிறது என்ற எண்ணத்தை முதலில் ஓரமாக வையுங்கள்.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ஹோஃப்மன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 205 பேரை ஒரு வாரம் பின்தொடர்ந்தார்கள். கையில் ஒரு சிறு கருவி. அது நாளில் பல தடவை ஒலிக்கும். ஒலிக்கும்போதெல்லாம், "இப்போது எதற்காவது ஆசைப்படுகிறீர்களா? அதை அடக்கப் பார்க்கிறீர்களா?" என்ற கேள்விகளுக்குப் பதில் பதிய வேண்டும். 2012இல் இந்த ஆய்வு வெளிவந்தது. சுயகட்டுப்பாடு மிகுந்தவர்கள் ஆசையோடு ஓயாமல் மல்லுக்கட்டுவார்கள் என்றுதானே நினைப்போம்? அவர்கள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக மல்லுக்கட்டினார்கள். ஆசை வந்து நிற்கும் இடத்துக்கே அவர்கள் அதிகம் போகவில்லை.

கனடாவில் மெரினா மில்யாவ்ஸ்கயா, மைக்கேல் இன்ஸ்லிக்ட் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது. பருவ முடிவில் இலக்கை எட்டியவர்கள், சபலம் குறைவாகக் குறுக்கிட்டவர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சபலத்தை எதிர்த்தவர்களுக்கு அந்த எதிர்ப்பால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை, களைப்புதான் மிஞ்சியது.

ஆகவே நாலு மணிக் கதையைக் காலையில் சரிசெய்ய முடியாது. முந்தைய இரவில்தான் சரிசெய்ய வேண்டும். தலையணைக்கு அடியில் போன் இருந்தால் ரீல்ஸ் பார்த்தே ஒரு மணி ஆகிவிடும். போனை அடுத்த அறையில் சார்ஜ் போடுங்கள், அலாரத்துக்கு ஒரு பழைய கடிகாரம் போதும். நான் எழுத உட்காரும்போது என் போன் சமையலறை அலமாரியில் இருக்கும். அது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் என் உறுதியை நான் நம்புவதில்லை.

மன உறுதி பேட்டரி மாதிரி, பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்று யூடியூபில் சொல்கிறார்களே?

அந்தக் கருத்து 1998இல் ராய் பாமிஸ்டரும் அவருடைய சகாக்களும் செய்த ஒரு சோதனையில் இருந்து பரவியது. சுடச்சுட பிஸ்கெட் மணக்கும் அறையில், சிலருக்கு பிஸ்கெட்டும் சிலருக்கு வெறும் முள்ளங்கியும் கொடுத்தார்கள். பிறகு எல்லோருக்கும் விடையே இல்லாத ஒரு புதிர். பிஸ்கெட் சாப்பிட்டவர்கள் சுமார் 19 நிமிடம் முயன்றார்கள். ஆசையை அடக்கி முள்ளங்கி சாப்பிட்டவர்கள் 8 நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். அடக்கியதில் ஏதோ தீர்ந்துபோனது என்று முடிவுகட்டினார்கள்.

பல ஆண்டுகள் இது பாடப்புத்தகத்தில் இருந்தது. 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, 2,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து, இதே கருத்தை வேறொரு சோதனையால் சரிபார்த்தன. அந்த விளைவு ஏறத்தாழப் பூஜ்ஜியமாக வந்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை என்றாலும், பேட்டரிக் கதையை உறுதியான உண்மையாக இனி யாரும் சொல்ல முடியாது.

நம் ஊருக்கு நெருக்கமான ஒரு சேதியும் உண்டு. கிருஷ்ணா சாவணி, வெரோனிகா ஜோப் இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வுகளில், கடினமான மூளை வேலையை முடித்த இந்தியர்கள் அடுத்த வேலையை முன்பைவிட நன்றாகவே செய்தார்கள். மனதைக் கட்டுப்படுத்துவது சோர்வு தரும் என்பதைவிடத் தெம்பு தரும் என்றே இங்கு பலரும் நம்புகிறோம் என்பதுதான் அவர்கள் சொல்லும் விளக்கம். விரதம் இருந்துகொண்டே வீடு முழுக்கக் கழுவி, சமைத்து, பூசையும் முடிக்கும் பாட்டியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. நாலு கணக்குப் போட்டதும் "இன்னைக்கு என் கோட்டா முடிஞ்சது" என்று மனசு சொன்னால், அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

சின்ன வயதில் மிட்டாய்க்குப் பொறுக்காத குழந்தை பெரியவனானதும் உருப்படாது என்று ஓர் ஆராய்ச்சி இருக்கிறதாமே? என் மகன் ஒரு நிமிடம்கூடப் பொறுக்க மாட்டேன் என்கிறான்.

இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு தாயின் முகம் எனக்கு மறக்கவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் பிங் நர்சரிப் பள்ளி என்று ஒன்று உண்டு. 1960களின் கடைசியில் வால்டர் மிஷெல் அங்கே இந்தச் சோதனையைத் தொடங்கினார். குழந்தைக்கு முன்னால் ஒரு மார்ஷ்மெல்லோ மாதிரி ஏதாவது ஒரு தின்பண்டம். "நான் திரும்பி வரும்வரை பொறுத்திருந்தால் இரண்டாகத் தருவேன்." பொறுத்த குழந்தைகள் பிற்காலத்தில் படிப்பில் நன்றாக வந்தார்கள் என்று 1990இல் ஒரு கட்டுரை வந்தது. அதுதான் ஊர் ஊராகப் பரவிய கதை.

அவ்வளவாகப் பரவாத பகுதி ஒன்று உண்டு. பண்டத்தைக் கண்ணில் படாமல் மறைத்துவைத்தாலே குழந்தைகள் அதிக நேரம் பொறுத்தார்கள். "வேறு ஏதாவது ஜாலியாக நினைத்துக்கொள்" என்று சொல்லிக்கொடுத்தாலும் பொறுத்தார்கள். சூழலை மாற்றினால் அதே வயதுக் குழந்தைகளின் பொறுமை மாறியது. மிஷெலின் அக்கறை முழுக்க இதில்தான் இருந்தது.

2013இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் இன்னொரு கோணத்தில் பார்த்தார்கள். 28 குழந்தைகள். சோதனைக்கு முன்னால், "இரு, நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன்" என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். பாதிப் பேருக்கு அவர் சொன்னபடி கொண்டுவந்தார். மற்ற பாதிப் பேரிடம் "மன்னிச்சுக்கோ, இல்லை" என்று வெறுங்கையோடு வந்தார். பிறகு மார்ஷ்மெல்லோ. சொன்ன சொல்லைக் காப்பாற்றியவரிடம் குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றியவரிடம் 3 நிமிடம். வருவார் என்ற நம்பிக்கை இல்லாதபோது கையில் இருப்பதைச் சாப்பிடுவது புத்திசாலித்தனம்தானே?

கடைசியாக, 2018இல் டைலர் வாட்ஸும் சகாக்களும் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். பொறுமைக்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த தொடர்பு பழைய ஆய்வில் கண்டதில் பாதிதான் இருந்தது. குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் சேர்த்தபோது அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது.

ஆகவே அம்மா, உங்கள் மகன் உருப்படுவான். "ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகலாம்" என்று அவனிடம் சொல்லியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள். பொறுமைப் பயிற்சி அங்கேதான் நடக்கிறது.

கடன், வாடகை, வீட்டுக் கவலை. இதற்கு நடுவில் படிக்க உட்கார்ந்தால் எதுவும் மண்டையில் ஏறவில்லை. நான் மந்தமாகிவிட்டேனா?

இல்லை. இதற்கு விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கரும்பு விவசாயிகள் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

கரும்பில் காசு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் கை காய்ந்துவிடும். வெட்டு முடிந்து ஆலைப் பணம் வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். அதே ஆள், அதே குடும்பம், ஒரே வருடத்தில் ஏழையாகவும் கொஞ்சம் வசதியாகவும் இருக்கிறார். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 54 கிராமங்களில் 464 விவசாயிகளுக்கு, வெட்டுக்கு முன்னும் பின்னும் புத்திக்கூர்மைச் சோதனையும் கவனச் சோதனையும் வைத்தார்கள். ஆலை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வெட்டு உத்தரவு தருவதில்லை, மாதக்கணக்கில் பரவிக்கிடக்கும். அதனால் "வெயில் காலம், மந்தமாக இருந்தார்கள்" என்று தள்ளிவிட முடியாது.

வெட்டுக்கு முன் பெரும்பாலானோர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். அப்போது சோதனைகளில் தவறுகள் அதிகம், நேரமும் அதிகம் பிடித்தது. பணம் வந்த பிறகு அதே மனிதர்கள் வேகமாகவும் சரியாகவும் செய்தார்கள். 2013இல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது. அவர்களுடைய மூளை மாறவில்லை. மாதக் கடைசியை எப்படி ஓட்டுவது என்ற கணக்கு மூளையின் ஒரு பகுதியை ஓயாமல் பிடித்துவைத்திருந்தது, அவ்வளவுதான்.

இந்த ஆய்வைப் படித்த நாளில் எனக்குக் கண் கலங்கியது. "படிக்கிற பிள்ளைக்கு வறுமை தெரியாது" என்று மேடையில் பேசுவோர் ஒரு தடவை இதைப் படிக்க வேண்டும்.

கவலையை விரட்ட என்னிடம் மந்திரம் இல்லை. சுமையைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. கட்ட வேண்டிய தொகை, தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள், தலைக்குள் வைத்துச் சுற்றாதீர்கள். முடிவெடுக்க வேண்டியவற்றுக்கு வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்குங்கள். பெரிய முடிவு எதையும் கை மிகவும் காய்ந்திருக்கும் வாரத்தில் எடுக்காமல் தள்ள முடிந்தால் தள்ளுங்கள்.

சேமிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், மாத நடுவில் எல்லாம் போய்விடுகிறது. குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டிய 229 பேரிடம் ஃபிராங்க் ஷில்பாக் என்ற பொருளியலாளர் மூன்று வாரம் ஓர் ஆய்வு நடத்தினார். தினமும் ஆய்வு அலுவலகத்துக்கு வந்து, மூச்சுச் சோதனை செய்துகொள்ள வேண்டும். ஒரு பிரிவினருக்குக் குடிக்காமல் வந்தால் கூடுதல் பணம். பகலில் குடிப்பது குறைந்தது. அலுவலகத்தில் வைத்திருந்த உண்டியலில் அவர்கள் போட்ட சேமிப்பு சுமார் 50 சதவீதம் கூடியது. மிச்சமான சாராயக் காசு மட்டும் அல்ல அது. போதை இல்லாத தலை நாளையைப் பற்றி யோசிக்கிறது.

என்னை அதிகம் தொட்டது வேறொன்று. தெளிவாக இருந்தால் மட்டுமே பணம் என்ற ஏற்பாட்டையும், எப்படி வந்தாலும் பணம் என்ற ஏற்பாட்டையும் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, கையில் வரும் காசு குறையலாம் என்று தெரிந்தும் பலர் முதலாவதைக் கேட்டார்கள். தங்களைக் கட்டிப்போட ஒரு கயிற்றை அவர்களே கேட்டு வாங்கினார்கள். குடிக்கிறவனுக்கு அக்கறை இல்லை என்று யார் சொன்னது?

சேமிப்புக்கும் இதே கயிறு உதவும். நம் வீட்டுப் பெண்கள் சீட்டுப் போடுவது இதனால்தான். எடுக்க முடியாத இடத்தில், நாலு பேர் கேட்கும் இடத்தில் பணம் இருக்கிறது. தெரிந்த, நம்பகமான ஆட்களிடமோ பதிவு பெற்ற நிறுவனத்திலோ மட்டும் போடுங்கள். அஞ்சலகத் தொடர் வைப்பும் இதே வேலையைச் செய்யும்.

மதியம் தூங்குவது சோம்பேறித்தனமா?

அரை மணி நேரத்துக்குள் என்றால் இல்லை. இதுவும் சென்னை ஆய்வுதான், 2021இல் வெளியானது. கணினியில் தரவு பதியும் வேலைக்கு 452 பேரைச் சேர்த்தார்கள். இரவில் அவர்கள் எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் ஐந்தரை மணி நேரம்தான் தூங்கினார்கள். கொசு, புழுக்கம், சத்தம். இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டியும் வேலையில் முன்னேற்றம் தெரியவில்லை. மதியம் வேலை இடத்திலேயே போட்ட குட்டித் தூக்கம் வேலைத்திறனையும் கவனத்தையும் மனநிலையையும் கூட்டியது.

டைம்டேபிள் போட்டு ஒட்டிவைக்கிறேன். மூன்றாம் நாளே அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறேன். என்ன தவறு?

டைம்டேபிளில் மணி இருக்கிறது, சந்தர்ப்பம் இல்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களில் இருந்து சொல்லிவரும் எளிய முறை இது: "இது நடந்தால், அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே இணைத்துவைப்பது. "தினமும் பொது அறிவு படிப்பேன்" என்பது ஆசை. "காலையில் டீ குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நேற்றைய குறிப்பைத் திறப்பேன்" என்பது திட்டம். டம்ளரைக் கழுவும்போதே அடுத்தது நினைவுக்கு வந்துவிடும், யோசித்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

2002இல் பிரிட்டனில் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனையில், ஊக்கமூட்டும் தகவல்களைப் படித்தவர்களில் அடுத்த வாரம் உடற்பயிற்சி செய்தவர்கள் 35 சதவீதம். எதுவும் படிக்காதவர்கள் 38. தகவலோடு எந்த நாள், எந்த நேரம், எங்கே என்று எழுதியும் வைத்தவர்கள் 91. ஊக்கப் பேச்சு கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை என்பதைக் கவனியுங்கள். காலையில் ஒரு மணி நேரம் மோட்டிவேஷன் வீடியோ பார்க்கும் தம்பிகளுக்காகச் சொல்கிறேன்.

தடங்கலுக்கும் ஒரு வரி எழுதிவையுங்கள். "கரண்ட் போனால் வாசலில் உட்கார்ந்து பழைய கேள்வித்தாளை வாய்விட்டுப் படிப்பேன்." "நண்பன் போன் செய்தால், எட்டரைக்குக் கூப்பிடுகிறேன் என்பேன்."

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடுமாமே?

அந்த எண் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1960இல் எழுதியதில் இருந்து வந்தது. சிகிச்சைக்குப் பின் புது முகத்துக்குப் பழக மக்களுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றார். "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

லண்டனில் ஃபிலிப்பா லாலி 96 பேரை வைத்து அளந்தபோது (கட்டுரை வந்தது 2010இல்) நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்குக் கணக்குப்படி 254. நடுவில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. 22ஆம் நாள் காலையில் சலிப்பாக இருந்தால் நீங்கள் தோற்றுவிட்டதாக அர்த்தம் இல்லை.

மார்க் வாங்கினால் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று மகளிடம் சொல்லலாமா?

அவளுக்கு அறவே பிடிக்காத பாடம் என்றால், தொடங்கிவைக்கச் சிறிய பரிசு தப்பில்லை. அவள் தானாக விரும்பிச் செய்வதற்கு முன்கூட்டியே பரிசு பேசாதீர்கள். அதே பிங் நர்சரிப் பள்ளியில் 1973இல் வெளியான மார்க் லெப்பர் குழுவினரின் ஆய்வு: படம் வரைய ஆசைப்படும் குழந்தைகளில் சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்றார்கள். பிற்பாடு பரிசு இல்லாத நாட்களில் அந்தக் குழந்தைகள் வரைந்த நேரம் மற்றவர்களில் பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்தவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. விளையாட்டாக இருந்தது கூலி வேலையாகிவிட்டது.

எட்வர்டு டெசியும் ரிச்சர்டு ரயனும் ஊக்கத்துக்கு மூன்று வேர்கள் என்கிறார்கள்: நானே தேர்ந்தேன், என்னால் முடிகிறது, எனக்கு வேண்டியவர்கள் கூட இருக்கிறார்கள். மகளிடம் "முதலில் கணக்கா, அறிவியலா, நீயே சொல்லும்மா" என்று கேட்பதுகூட முதல் வேருக்குத் தண்ணீர்தான்.

ஜெயித்துவிட்டதாகத் தினமும் கற்பனை செய்தால் ஜெயிக்கலாமா?

எச்சரிக்கையாக இருங்கள். காப்ரியேல் ஓட்டிங்கென் 1991இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களில், மெலிந்த உடலை இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 11 கிலோ குறைவாகவே இளைத்தார்கள். "என்னால் முடியும்" என்று எதிர்பார்த்தவர்களோ அதிகம் இளைத்தார்கள். நம்பிக்கை வேறு, பகல்கனவு வேறு. கற்பனையில் தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்த மனசு, வேலை முடிந்தது என்று படுத்துவிடுகிறது. ஓட்டிங்கென் தரும் மாற்று வழி: நாற்காலியை நினையுங்கள், உடனே அதற்குக் குறுக்கே உங்களுக்குள் நிற்பது எது என்று நினையுங்கள், அதற்கு ஒரு "நடந்தால், செய்வேன்" வரி எழுதுங்கள்.

போன தேர்வுக்குக் கடைசி நேரம்வரை தள்ளிப்போட்டுக் கெடுத்துக்கொண்டேன். என்னை நானே மன்னிக்க முடியவில்லை.

மன்னியுங்கள், அது அடுத்த தேர்வுக்கு உதவும். கனடாவில் 119 முதலாண்டு மாணவர்களிடம் செய்து 2010இல் வெளிவந்த ஆய்வில், முதல் தேர்வில் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். காரணம் எளிது. நாம் தள்ளிப்போடுவது புத்தகத்தை அல்ல, அதைத் திறந்ததும் வரும் பயத்தையும் அவமானத்தையும். திட்டத் திட்ட அவமானம் கூடும், புத்தகம் இன்னும் கனக்கும்.

கொஞ்ச நாளாக எதிலுமே பிடிப்பு இல்லை. பிடித்த பாட்டு, பிடித்த சாப்பாடு, எதுவும் ருசிக்கவில்லை. இதற்கும் இந்த வழிகள் போதுமா?

இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி இப்படியே இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், இது ஊக்கக் குறைவு இல்லை. மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.

மனச்சோர்வில் இருப்பவர் "மனசு சரியானதும் வெளியே போவேன்" என்று காத்திருப்பார். பீட்டர் லூவின்சன் 1970களில் இதைத் தலைகீழாகப் பார்த்தார். முதலில் சின்னச் செயல், மனநிலை பின்னால் வரும். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் பட்டேல் குழுவினர் இதே அடிப்படையில் ஒரு சிகிச்சையை நடத்தினார்கள். அதைக் கொடுத்தவர்கள் மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர் ஆட்கள். ஆறு முதல் எட்டு அமர்வு. மூன்று மாதத்தில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் தேறினார்கள். இந்தச் சிகிச்சையும் பெற்றவர்களில் 64 சதவீதம். 2017இல் 'லான்செட்' இதழில் வந்தது.

கடுமையான நிலையில் அந்தச் சின்னச் செயல்கூடத் தனியாகச் செய்ய வராது. உதவி கேட்பதும் ஒரு செயல்தான். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் தாமதிக்காமல் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். கூப்பிடக் கை வரவில்லை என்றால், பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் போனைக் கொடுத்து எண்ணை அழுத்தச் சொல்லுங்கள்.